முப்பத்தொன்றாம் பலகை

ஏப்ரல் 20, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், எனக்கு வசதியாக வளைக்கவும் மாட்டேன். பெரிய மனிதர்களின் நாட்குறிப்புகள்தான் பிற்காலத்தில் சரித்திரம் ஆகின்றனவாம். எங்கள் வீட்டில் சரித்திரம் நடக்க வாய்ப்பு இருப்பதால் யாராவது ஒருவர் எழுதிவைப்பது நல்லது. மற்ற இருவருக்கும் நேரமில்லை.

என் பெயர் நறுமுகை. எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். ஆத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அப்பா வேலாயுதம், பஸ் டிரைவர். அம்மா சுகுணா, இன்ஜினியர். அம்மா பதினோரு வருடம் ஓசூரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கம்பெனியில் வேலை பார்த்தார். ஒருநாள் ஏரிக்கரையில் பஸ் நின்றபோது தண்ணீரில் ஒரு நாற்காலிக் கால் மிதப்பதைப் பார்த்திருக்கிறார். இறங்கிப் போய் எடுத்தால், அது அவரே வரைந்து கொடுத்த கால். "எட்டு வருஷம் ஆகியும் ஒரு கீறல் இல்லடி" என்று இப்போதும் சொல்வார். அது பெருமையா வருத்தமா என்று எனக்குத் தெரிந்ததில்லை. அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டார். கழிவிலிருந்து நாற்காலி செய்யப் போகிறாராம். வேலை முடிந்ததும் அது மண்ணோடு மண்ணாக மக்கிவிட வேண்டுமாம்.

இரண்டு வருடம் ஆகிறது. முதலில் கடலைத்தோலில் தட்டு செய்தார். சூடான சாம்பார் ஊற்றியதும் தட்டு, சாதம், சாம்பார் மூன்றும் ஒன்றாக அப்பாவின் மடியில் இறங்கின. பிறகு முட்டை ஓட்டில் தரை ஓடு. ஊரில் உள்ள எறும்பெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போயின. பிறகு தலைமுடி. அப்பா சலூனில் போய் மூட்டை மூட்டையாகக் கேட்டபோது சலூன்காரர் கதவைச் சாத்திவிட்டு, "டிரைவர் சார், வீட்ல யாராச்சும் செய்வினை வச்சிட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாராம்.

இப்போது நடப்பது திப்பி.

ஏப்ரல் 22, செவ்வாய்

திப்பி என்பது என்ன என்று பிற்காலத்தில் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் அதிகம். மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கைதான் திப்பி. கொஞ்சம் மாட்டுத் தீவனத்துக்குப் போகும். மீதி குவிந்து கிடந்து நாறும். அம்மா அதில் பசை சேர்த்து, இரண்டு பெரிய பரோட்டாக் கல்லுக்கு நடுவில் வைத்து, லாரி ஜாக்கியால் அழுத்திச் சூடேற்றிப் பலகை ஆக்குகிறார். கிழங்கு மாவைக் கூழாகக் காய்ச்சி கிளிசரின் விட்டால் அந்தப் பசை. பலகைக்கு மூன்று கால் வைத்தால் முக்காலி.

ஒவ்வொரு பலகைக்கும் எண் உண்டு. இன்று முப்பதாம் பலகை. அதில் இரண்டு குறைகள் தெரிந்தன. ஒன்று, ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டுவைத்த துண்டைக் காலையில் எடுக்கப் போனால் துண்டு இல்லை, கூழ்தான் இருந்தது. இரண்டு, ஜெனரேட்டர்.

ஜெனரேட்டர் என்பது பக்கத்து வீட்டு மாரப்பன் மாமாவின் பசுமாடு. கத்தினால் அப்படித்தான் இருக்கும். பலகை என்னதான் பலகையாக இருந்தாலும் அதற்கு அது திப்பிதான். இன்று அப்பா மீதிப் பலகையில் செய்த சோதனை முக்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போன் அடிக்கவும் எழுந்தார். பேசி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்தார். அதற்குள் மேல்பலகையை ஜெனரேட்டர் தின்றுவிட்டிருந்தது.

"சுகுணா," என்றார் அப்பா தரையிலிருந்தே, "மக்கிப் போவும்னு சொன்ன. இவ்வளவு சீக்கிரம்னு சொல்லலையே."

ஏப்ரல் 25, வெள்ளி

ஓசூரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பழைய கம்பெனி அம்மாவைத் திரும்பக் கூப்பிடுகிறது. மே பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவும் அப்பாவும் சமையலறையில் மெதுவாகப் பேசினார்கள். நான் ஒட்டுக் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன், நாலு முறை.

"ரெண்டு வருஷம் பார்த்தாச்சுங்க. பதினஞ்சு தேதிக்குள்ள தண்ணியில நிக்கற பலகை ஒண்ணு வந்தா இருக்கேன். இல்லன்னா போயிடறேன்."

"பாப்பா?"

"முன்ன இருந்த மாதிரிதான். சனிக்கிழமை வந்துட்டு ஞாயித்துக்கிழமை போறது."

எனக்கு இதில் எந்த ஆட்சேபமும் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புவரை அப்படித்தான் இருந்தோம். அப்பா பின்னும் பின்னல் ஒருபக்கமாகச் சாயும், அவ்வளவுதான். ஓசூரில் சீதோஷ்ணம் மிகவும் நன்றாக இருக்கும் என்று புவியியல் புத்தகத்தில் உள்ளது.

ஏப்ரல் 26, சனி

ரசம் சாதம். சாப்பிடவில்லை. வெயில்தான் காரணம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று என் சமயோசித புத்தியால் ஒரு சிறு உதவி செய்தேன்.

கமலவேணி அத்தை வாழப்பாடியிலிருந்து வடகம் போட வந்திருக்கிறார். இவர் அப்பாவின் அக்கா. ஒவ்வொரு கோடையிலும் எங்கள் மொட்டை மாடியில்தான் குடும்பத்துக்கே ஜவ்வரிசி வடகம் காயும். விடியற்காலையிலேயே கூழ் காய்ச்சி, பச்சைமிளகாய் விழுதும் சீரகமும் பெருங்காயமும் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தார். செவ்வாய்க்கிழமை விரதம் என்பதால் அத்தை வாயில் எதையும் வைக்க மாட்டார். "நீ உப்புப் பாரு கண்ணு" என்று உள்ளங்கையில் ஒரு துளி விட்டார். உப்பு சரியாக இருந்தது. காரம் காதுவரை போனது.

பலகை செய்யும் ஷெட்டில் கேஸ் தீர்ந்துவிட்டதால் அம்மாவும் பலகைப் பசையைச் சமையலறையிலேயே காய்ச்சினார். இரண்டும் ஒரே மாதிரி அலுமினியக் குண்டான், உள்ளே ஒரே மாதிரி கண்ணாடிக் கூழ்.

"எடப்பக்கம் அத்தையோடது, வலப்பக்கம் என்னோடது. கிண்டிக்கிட்டே இரு. அடுப்படியில புத்தகம் எடுத்தே, நூலகக் கார்டைப் புடுங்கிருவேன்" என்று சொல்லிவிட்டு அம்மா பரோட்டாக் கல்லைக் காயவைக்கப் போனார். அத்தை வேட்டி விரிக்க மாடிக்குப் போனார்.

நான் முழுக் கவனத்தோடு கிண்டினேன். ஒரு கைக்குத்தான் வேலை. இன்னொரு கை சும்மா இருந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் துப்பறிவாளர் கிணற்றில் எட்டிப் பார்க்கும்போது அம்மாவின் பசை அடிப்பிடிக்க ஆரம்பித்தது. வலப்பக்க அடுப்பு பெரியது, தீ அதிகம். உடனே இரண்டு குண்டான்களையும் இடம் மாற்றி வைத்தேன். இதைத்தான் சமயோசித புத்தி என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து வலப்பக்கக் குண்டானை எடுத்துப் போனார். அத்தை வந்து இடப்பக்கத்தை எடுத்துப் போனார். கிணற்றில் இருந்தது தோட்டக்காரர்.

ஏப்ரல் 30, புதன்

முப்பத்தொன்றாம் பலகை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. காலையில் எடுத்தால் பலகையாகவே வந்தது!!! அம்மா அதைத் தரையில் தட்டினார். டொக் டொக் என்றது. அப்பா ஏறி நின்றார். குதித்தார். யூனிபாரத்தோடு மறுபடியும் குதித்தார். டிப்போவுக்கு அரை மணி நேரம் தாமதம்.

அம்மாவுக்கு ஒரே ஜலதோஷம். இரண்டு வருடமாகத் திப்பி நாற்றத்துக்குப் பழகி அவர் மூக்கு ஏற்கெனவே பாதி லீவில்தான் இருக்கிறது. இருந்தாலும் முகம் பளிச்சென்று இருந்தது. "அழுத்தற நேரத்தை இருபது நிமிஷமா ஆக்கினேன் பாரு, அதான்" என்றார். பலகையில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. கிழங்குத் தோலாம்.

ஜெனரேட்டரும் வந்தது. ஒரு நக்கு நக்கியது. நின்று யோசித்தது. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு தெருவின் கடைசிவரை ஓடிப்போய் யார் வீட்டுத் தொட்டியிலோ தண்ணீர் முழுவதையும் குடித்தது.

அம்மா உடனே கோயம்புத்தூருக்குப் போன் செய்தார். அங்கே பள்ளிகளுக்கு பெஞ்சு செய்து கொடுக்கும் நிறுவனம் ஒன்று இருக்கிறது. விசாலாட்சி மேடம் என்பவர் மே பதினான்காம் தேதி நேரில் வந்து பார்ப்பாராம்.

பலகையை முகர்ந்து பார்த்தேன். நல்ல வாசனை, பசிக்கிறது.

மே 3, சனி

அத்தை வடகத்தை இரண்டு பைகளில் கட்டிக்கொண்டு நேற்று ஊருக்குப் போனார். எங்களுக்கும் ஒரு டப்பா. மதியம் அப்பா பொரித்தார். எண்ணெயில் போட்டால் பொரியவில்லை. அமைதியாக மிதந்தது. எடுத்து வாயில் போட்ட அப்பா, ஒன்றேகால் மணிக்கு மெல்ல ஆரம்பித்து இரண்டு மணிக்கும் மென்றுகொண்டிருந்தார்.

வாழப்பாடியிலிருந்து அத்தை போன் செய்தார். "தம்பி, இந்த வருஷம் ஜவ்வரிசியில என்னத்தையோ கலந்துட்டானுங்கடா. எதிர்வீட்டுப் பொன்னுசாமி மாமாவுக்குப் பல்செட்டோட ஒட்டிக்கிச்சு. மூணு பேர் சேர்ந்து இழுத்தோம்."

மே 5, திங்கள்

முப்பத்திரண்டாம் பலகை. இருபது நிமிடம்தான் அழுத்தினார். காலையில் வாளியில் கூழ்.

மே 6, செவ்வாய்

முப்பத்து மூன்று. இருபத்தைந்து நிமிடம். கூழ். அதையும் ஜெனரேட்டர் குடித்துவிட்டுப் போனது.

அம்மா தன் ஆராய்ச்சி நோட்டில் முப்பத்தொன்றாம் பலகையின் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதே திப்பி, அதே மாவு, அதே கல்லு. என்ன பண்ணேன்? அன்னைக்கு மட்டும் நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. பரோட்டாக் கல்லைக் கேட்டார்.

முப்பத்தொன்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. திரும்பச் செய்ய முடியாத பலகையை விசாலாட்சி மேடத்திடம் காட்ட மாட்டாராம். "அது பொய் சொல்ற மாதிரி" என்றார். பரணில் இருந்து ஓசூர் சூட்கேஸ் கீழே வந்துவிட்டது. தூசி தட்டத்தான் எடுத்தாராம்.

மே 7, புதன்

இரவுச் சாப்பாட்டில் அப்பா பிடிவாதமாக இன்னொரு வடகத்தை மென்றார். "வீணாக்கக் கூடாதுல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல உப்பும் இல்ல, காரமும் இல்ல. லேசா இனிக்குது பாப்பா" என்றார்.

கிளிசரின் இனிக்கும். அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது.

என் தட்டிலிருந்த வடகத்தை ஓரமாக நகர்த்தி வைத்தேன். ஆனால் அன்று உப்புப் பார்த்தது நான்தானே? உப்பு சரியாக இருந்ததே? காரம் காதுவரை போனதே? பிறகுதான் நான் குண்டானை

மே 8, வியாழன்

இன்று எழுத ஒன்றுமில்லை.

மே 9, வெள்ளி

பல் தேய்த்தேன்.

மே 10, சனி

முப்பத்து நான்கு. கூழ். அம்மா அதைக் கொட்டக்கூட இல்லை. வாளியை அப்படியே வைத்துவிட்டு, சூட்கேஸில் மடித்த புடவைகளை வைத்தார்.

நூலகக் கார்டு இல்லாமல் வாழ முடியுமா என்று யோசித்தேன். சிலர் வாழ்கிறார்கள். எங்கள் வகுப்பில் முப்பத்தொரு பேர் அப்படித்தான் இருக்கிறார்கள், நன்றாகவே விளையாடுகிறார்கள்.

ஷெட்டுக்குப் போனேன்.

"ம்மா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"திட்டற மாதிரி இருந்தா திட்டுவேன். சொல்லு."

"அன்னைக்கு அடுப்படியில புத்தகம் படிச்சேன்."

"தெரியும். கூழ் ஒட்டின விரல் தடம் புத்தகத்துல இருக்கு. அப்புறம்?"

"குண்டானை மாத்தி வச்சிட்டேன். உன்னோட பலகையில இருக்கறது அத்தையோட வடகக் கூழு. அத்தையோட வடகத்துல இருக்கறது உன்னோட பசை. பொன்னுசாமி மாமா பல்லுல ஒட்டினதும் அதான்."

அம்மா கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எத்தன எலுமிச்சம்பழம்?"

"என்னம்மா?"

"அத்த எத்தன பழம் புழிஞ்சாங்க? சின்னப் பழமா, பெருசா? அடுப்புல இருக்கறப்பவா, எறக்கினப்புறமா?"

எனக்குத் தெரியாது என்றேன். அம்மா பலகையை மூக்குக்கு அருகில் கொண்டுபோய், ஜலதோஷம் போன மூக்கால் நன்றாக இழுத்தார். தும்மினார். பிறகு சிரிக்க ஆரம்பித்து ஷெட்டின் தூணைப் பிடித்துக்கொண்டார். "பெருங்காயம்டி! பத்து நாளா இது பக்கத்துலயே உக்காந்திருக்கேன்!"

எலுமிச்சையின் புளிப்பு சூட்டில் மாவின் இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடுமாம். முடிச்சுக்குள் தண்ணீர் புகாது. மிளகாயின் வேலை என்ன என்பதை ஜெனரேட்டர் ஏற்கெனவே காட்டிவிட்டது.

சிரித்து முடித்ததும் நூலகக் கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு மாதத்துக்கு.

மே 11, ஞாயிறு

அத்தையை முதல் பஸ்ஸில் வரவழைத்தார்கள். அப்பா ஓட்டும் பஸ்தான். வழியெல்லாம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்று வடகத்துக்காகத் தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தாராம்.

"அண்ணி, அன்னைக்குப் போட்ட மாதிரியே போடுங்க. எவ்வளவுன்னு நான் எழுதிக்கறேன்" என்றார் அம்மா, தராசோடு.

"எவ்வளவுன்னா? கண்ணளவுதான்."

"அந்தக் கண்ணளவு எத்தன கிராமுன்னு பார்க்கணும் அண்ணி."

அத்தை சீரகத்தை அள்ளினார். அம்மா அந்தக் கையின் கீழே தராசைப் பிடித்தார். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பது வருஷமா வடகம் போடறேன். என் கையை எவளும் எடை போட்டதில்ல!" என்று சீரகத்தை டப்பாவிலேயே திரும்பக் கொட்டிவிட்டார். அப்பா நடுவில் புகுந்து, உலகத்திலேயே முதல் முறையாக ஒரு வடகக் கை அறிவியல் ஆகப்போகிறது என்று எடுத்துச் சொன்னார். அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, போட்டோ எடுப்பீர்களா என்று கேட்டார். எடுத்தோம். அதன்பிறகு ஒவ்வொரு பொருளையும் கேமராவைப் பார்த்துக்கொண்டே போட்டார்.

எலுமிச்சம்பழம் ஏழு. சின்னது. அடுப்பில் இருக்கும்போதே.

மே 12, திங்கள்

முப்பத்தைந்து: டொக் டொக்.

மே 13, செவ்வாய்

முப்பத்தாறு, சீரகம் இல்லாமல்: டொக் டொக். முப்பத்தேழு, பெருங்காயமும் இல்லாமல்: டொக் டொக். முப்பத்தெட்டு, எலுமிச்சை இல்லாமல்: கூழ். அம்மா ஒவ்வொன்றாக நீக்கி, எது வேண்டும் எது வேண்டாம் என்று கண்டுபிடித்துவிட்டார். சீரகத்தை எடுத்துவிட்டதை அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்றார் அப்பா.

சூட்கேஸ் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. மூன்று முறை பார்த்தேன்.

மே 14, புதன்

விசாலாட்சி மேடம் காரில் வந்தார். கண்ணாடி, பருத்திப் புடவை, சிரிக்காத முகம். முக்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டுக் காபி குடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுல என்ன கலந்திருக்கீங்க?"

அம்மா சொன்னார். எலுமிச்சை என்றார். பச்சைமிளகாய் என்றார். மேடம் பேனாவை நிறுத்தினார்.

"பச்சைமிளகாய் எதுக்கு?"

"மாடு திங்காம இருக்க."

"பள்ளிக்கூடத்துல மாடு ஏதுங்க?"

"பெஞ்சைக் கடிக்கற பசங்க இருப்பாங்கல்ல மேடம்" என்றார் அப்பா. அப்போதுதான் அந்த முகம் சிரித்தது.

இது எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். அம்மா ஒளிக்காமல், "என் பொண்ணு கதைப் புத்தகம் படிச்சிட்டே குண்டானை மாத்தி வச்சிட்டா" என்றார். மேடம் என்னை ஒரு கருவியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பிறகு சொன்னார்: முதலில் நூறு பெஞ்சு செய்து பார்க்கலாம். "ஆனா நீங்க கோயம்புத்தூர் வந்துடுங்க சுகுணா. நல்ல லேப் இருக்கு, ஏ.சி. இருக்கு, கூட ரெண்டு பேர் தர்றேன். இப்படி பரோட்டாக் கல்லை வச்சுக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படணும்?"

நான் காபி டம்ளர்களைத் தட்டில் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்று விழுந்தது. கோயம்புத்தூரில் நூலகங்கள் அதிகம், சிறுவாணித் தண்ணீர் வேறு. எனக்கு இதிலும் எந்த ஆட்சேபமும் இல்லை. டம்ளர் வழுக்கியது, அவ்வளவுதான். குனிந்து எடுக்கப் போனபோது அம்மா என் பின்னலைப் பிடித்துக்கொண்டார், கைப்பிடியைப் பிடிப்பதுபோல.

"வர முடியாதுங்க மேடம்."

"ஏன்?"

"திப்பி இங்க இருக்கு. ஆலையிலேர்ந்து வெளிய வந்த கொஞ்ச நேரத்துலயே புளிக்க ஆரம்பிச்சிடும். லாரியில ஏத்தினா கோயம்புத்தூர் வர்றதுக்குள்ள நாறிடும்."

"காயவச்சு அனுப்பிடலாமே?"

"காஞ்சா இழை உடைஞ்சிடும் மேடம். பலகை நிக்காது. ஈரமா இருக்கறப்பவே அடிக்கணும். அதுக்கு நான் இங்கதான் இருக்கணும்."

இதைச் சொன்னபோது அம்மாவின் குரல் கல்லூரியில் பாடம் எடுப்பவர் குரல் மாதிரி இருந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. முழுக்க முழுக்கத் தொழில்நுட்பக் காரணம். மேடம் பேனாவை மூடிவிட்டு, "சரி, அப்ப இங்கயே ஒரு ஷெட்டைப் போட்டுடலாம்" என்றார். அம்மா அப்போதும் பின்னலை விடவில்லை. எனக்குக் கழுத்து வலித்தது. அப்படியே குனிந்து நின்றேன்.

சாயங்காலம் ஓசூருக்குப் பதில் கடிதம் எழுதித் தந்தார். தபால் பெட்டி வரைக்கும் ஓடினேன். வேகமாகப் போடாவிட்டால் தபால் எடுப்பவர் வந்துவிடுவார் என்பதற்காக.

எட்டு மணிக்கு, முப்பத்தொன்றாம் பலகையின் சரித்திரத்தைப் பிழையில்லாமல் எழுதவேண்டுமே என்று அம்மாவின் ஆராய்ச்சி நோட்டைப் புரட்டினேன். பதினெட்டாம் பலகையின் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "காய்ந்த திப்பி, ஈரத் திப்பி, இரண்டிலும் செய்து பார்த்தாயிற்று. இழையில் வித்தியாசம் எதுவும் இல்லை. காய்ந்ததே வசதி." அதன் கீழே இரண்டு முறை கோடு போட்டிருக்கிறார்.

மூன்று முறை படித்தேன். பக்கத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "ம்மா, திப்பி காஞ்சா நெஜமாவே இழை உடையுமா?" என்று கேட்டேன்.

"தூங்குடி" என்று சொல்லிவிட்டு அம்மா லைட்டை அணைத்துவிட்டார்.